நாற்பத்தெட்டாவது குடம்

தேர்தல் வாக்குறுதிகள் மறக்கப்படுகின்றன என்பது நாட்டில் பரவலாக நிலவும் தவறான நம்பிக்கை. இந்தப் பிழையைத் திருத்தாமல் கதைக்குள் நுழைவது முறையன்று. வாக்குறுதியை யாரும் மறப்பதில்லை. கொடுத்தவர் அதை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டுதான் மீறுகிறார். மிக அரிதாக ஒருவர் நிறைவேற்ற முயல்கிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பூங்கோதை அப்படிப்பட்ட அரிய பிறவி. ஓர் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில், டி பிளாக்கின் தரைத்தளத்தில் தையல் வேலை செய்துகொண்டு வாழ்ந்தார். ஒரு நாள் காலை அவர் கணவர் குனிந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது, மூன்றாம் மாடி சன்ஷேடு பெயர்ந்து அவர் மேல் விழுந்தது. காரியம் முடிந்த மறுநாள், பாதியில் நின்றிருந்த ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தார் பூங்கோதை. அவர் அழுது யாரும் பார்க்கவில்லை. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றார்.

வீடு வீடாக ஏறி அவர் சொன்னவை இரண்டே. இந்தக் கட்டடத்தால் இனி ஓர் உயிர் போகாது. சம்மதம் இல்லாமல் எந்த வீட்டையும் காலி செய்ய விடமாட்டேன்.

நான்காம் மாடியில் தனியாக இருந்த வேதமுத்து, மார்க்கெட்டில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். அவரிடம் வாக்குக் கேட்க மூன்று முறை ஏற வேண்டியிருந்தது.

"ஆத்தங்கரைலேருந்து ஆறே மாசம்னு சொல்லி லாரியில ஏத்துனாங்க. தகரக் கொட்டகைல ஒம்போது வருசம். என் பொண்டாட்டி அங்கதான் போய்ச் சேர்ந்தா. நீயும் என்னைக் கெளப்ப மாட்டியே?"

"மாட்டேன் பெரியப்பா. நீங்களா சரின்னாத்தான்."

"அப்ப ஓட்டு உனக்கு. டீ குடிச்சிட்டுப் போ. சக்கரை கெடையாது."

முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் பூங்கோதை வென்றார்.

புரட்டாசியில் பொறியாளர் ஒருவர் வந்து, சிறு சுத்தியலால் தூண்களைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். ஐப்பசி மழையைக் கட்டடம் தாங்காது என்றார். நாற்பத்தெட்டு வீட்டாரும் சம்மதித்தார்கள் என்று கவுன்சிலர் கையெழுத்திட்டால் மழைக்கு முன் மாற்று இடம் கிடைக்கும். ஒரு வீடு குறைந்தாலும் கோப்பு நகராது.

டி பிளாக்கில் பொது முடிவுகளைக் குடங்களே எடுக்கும். வீட்டுக்கு ஒரு குடம். சரி என்றால் கேட் பக்கம், வேண்டாம் என்றால் மோட்டார் ரூம் பக்கம். வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டதும் எண்ணுவார்கள். அடுத்தவர் குடத்தைத் தொடுவது குற்றம். ஆனால் தண்ணீர் வரிசையிலிருந்து வந்த இன்னொரு விதியும் உண்டு: தன் குடம் நகர்வதைப் பார்த்தவர் ஹாரனுக்கு முன் சத்தம் போடாவிட்டால், குடம் நிற்கும் இடமே அதன் இடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கேட் பக்கம் நாற்பத்தேழு குடங்கள். மோட்டார் ரூம் பக்கம் ஒன்றே ஒன்று, விளிம்பு உருகிய பச்சைக் குடம். வேதமுத்து அதை வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

அவருக்கு எதிர்வீட்டு ரெஜினாவின் இரண்டு பிள்ளைகளும் கம்பி தெரியும் கூரைக்குக் கீழே தூங்குகிறவர்கள். ரெஜினா பச்சைக் குடத்தைக் காலாலேயே தள்ளிக் கேட் பக்கம் சேர்த்தார். தன் வாசலில் தைத்துக்கொண்டிருந்த பூங்கோதை பார்த்துவிட்டார்.

"ரெஜினா."

"என்னக்கா? நீங்க எங்க பார்த்தீங்க? குனிஞ்சு தச்சுக்கிட்டில்ல இருந்தீங்க."

"அது அவர் குடம்."

"உங்க வீட்டுக்காரரைக் கேட்டுக்கிட்டா அந்த சன்ஷேடு விழுந்துச்சு?"

பூங்கோதை மறுபடி தையலில் குனிந்தார். நான்காம் மாடி ஜன்னலில் வேதமுத்து நின்றிருந்தார். குடம் தரையில் உரசிப் போன தூரம் முழுவதையும் அவர் பார்த்தார். பூங்கோதை நிமிரவே இல்லை. ஹாரன் அடித்தது. எண்ணினார்கள்; நாற்பத்தெட்டு. கொடுத்த சொல்லை மீறுகிறோம் என்று நினைத்துக்கொண்டே, தையல் போட்டதுபோல நேர்க்கோட்டில் பூங்கோதை கையெழுத்திட்டார்.

வாசகரே, பிள்ளைகளுக்காகக் குடத்தைத் தள்ளியவர் ஒருவர். உயிருக்காகச் சொல்லை விட்டவர் ஒருவர். பார்த்தும் வாய் திறக்காதவர் ஒருவர். இதில் யார் செய்தது சரி? கீழே இருப்பதைப் படிக்கும் முன் ஒரு பெயரைச் சொல்லிவிடுங்கள்.

விடை: வேதமுத்து. பலரும் பூங்கோதை என்பார்கள். நல்ல மனம் படைத்தவர்கள் அடிக்கடி செய்யும் பிழை அது. சம்மதம் அவருடையது. அதைத் தன் வாயால் சொன்னால் அந்த ஒன்பது வருடத்தை மன்னித்ததாக ஆகிவிடும். ஆகவே விதி இடம் கொடுத்தபடி சும்மா இருந்து சம்மதித்தார். மற்ற இருவரும் அவருக்காகத் தாங்களே முடிவெடுத்தார்கள். ரெஜினா மேலே பார்க்கவில்லை என்பதைத் தாயின் அவசரம் என்று விடலாம். வாக்குக்காக மூன்று முறை ஏறிய படிகளில் பூங்கோதை நான்காம் முறை ஏறவில்லை. ஏறியிருந்தால், தான் எதையும் மீறவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இன்றுவரை தெரியாது.

மழைக்கு நான்கு நாள் முன்பு டி பிளாக் காலியானது. தை மாதம் அந்த வார்டின் புதிய வாக்காளர் பட்டியல் வந்தது. நாற்பத்தெட்டு வீட்டாரும் இடம் மாறியவர்கள் என்று நீக்கப்பட்டிருந்தார்கள்; தரைத்தளத்தில் குடியிருந்த கவுன்சிலர் உட்பட.