சிவப்பு நண்டுகளுக்கு வழிவிடும் ஊர்

அந்தக் காலத்தில் நண்டு கேள்வி கேட்டால் மனுஷர் பதில் சொல்வார்கள். மனுஷர் திட்டினால் நண்டும் திருப்பித் திட்டும். கியூபா தீவின் வடகரையில் சான் எலியோ என்று ஒரு சின்ன ஊர். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கடல். காட்டு நண்டுகள் அப்போது சேற்று நிறம். உட்கார்ந்தால் தரை, நகர்ந்தால்தான் நண்டு.

அவற்றுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் மழை விழுந்ததும் தாய் நண்டுகள் வயிற்று முட்டையோடு கடலுக்குப் புறப்படும். தன் அம்மா போன தடத்தை விட்டு ஒரு முழம் விலகாது. அந்தத் தடத்தின்மேல்தான் மனிதர்கள் ஊரைக் கட்டிவிட்டார்கள். தேவாலயம் குறுக்கே வந்தால் தேவாலயத்துக்குள்ளேயே நடை. பூசை வைக்கும் சாமியார் மூக்கால் இழுத்து, "ஆண்டவர் உங்களோடு... ஐயோ, என் கால்விரலோடு!" என்று துள்ளுவார். ஊரே துடைப்பத்தைத் தூக்கும். பாதி நண்டு குழம்பாகும்.

ஹசின்தா என்ற நண்டுக்கு அதுதான் முதல் பயணம். அவள் அம்மா போன வருஷம் ஒரு சட்டியில் முடிந்துபோனாள். உச்சி வெயிலுக்குள் முட்டைகள் உப்புத் தண்ணீரைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அத்தனையும் பாழ். அவளுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் தாய் நண்டுகள்.

விடிந்ததும் ஊருக்குள் நுழைந்தால் ஆளே இல்லை. தெரு நடுவில், சாயம் காய்ச்சும் எவாரிஸ்தா மட்டும் துடைப்பத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருவை அடைத்தபடி பெரிய மரத்தொட்டி. அதில் சிவப்பு விதை அரைத்துக் கரைத்த சாயம்.

"சூ! சூ! வருஷா வருஷம் உங்களோட இதே ரோதனை."

"வழி விடுக்கா. எங்கே உங்க ஊர் ஜனம்?"

"கொள்ளைக்காரன் கரையில இறங்கிட்டான். எல்லாரும் மலைக்கு ஓடிட்டாங்க. இந்தத் தொட்டியை யாரு தூக்கிட்டு ஓடறது? இது ஒரு வருஷத்து உழைப்புடி."

"அவன் நிக்கட்டும். என் முட்டைக்கு இன்னைக்குத்தான் நாள்."

"அறிவிருக்கா? அங்க போனா உன்னைச் சுட்டுத் தின்பான்."

"இங்க மட்டும் என்ன பண்றீங்களாம்? பூஜையா?"

எவாரிஸ்தா துடைப்பத்தைத் தாழ்த்தினாள். அவள் நண்டுக் கூட்டத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள இறங்கி ஏறிப் போறீங்களா? இத்தனை பேரும் ரத்தச் சிவப்பா இறங்கினா எவன் நிப்பான்?"

ஹசின்தா தயங்கினாள். "சேற்று நிறம்தான்க்கா எங்க உசிரு. சிவந்துட்டா பருந்துக்கும் தெரியுமே."

"தெரியும்."

"கழுவினா போகுமா?"

"என் சாயம் போகாது." அதைச் சொல்லும்போது எவாரிஸ்தாவின் குரல் இறங்கிவிட்டது. "பருந்துக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது, தங்கம். ஆனா இந்த ஊர்க்காரன் கால் இனி உங்க மேல படாது. அதுக்கு நான் இருக்கேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஹசின்தா தொட்டியின் விளிம்பில் ஏறி, கண்ணை உள்ளிழுத்துக்கொண்டு, தொபுக்கென்று விழுந்தாள். மறுபக்கம் ஏறி வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். அவள் பின்னால் மற்றவர்கள் தொபுக், தொபுக், தொபுக்.

கடற்கரையில் கொள்ளைக்காரக் கேப்டனுக்குப் பல்வலி. தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்ததால் அதட்டல்கூட முனகலாகத்தான் வந்தது. "ம்ம்... என்னடா சத்தம் அது?"

கல் பாவிய தெருவில் ஆயிரமாயிரம் ஓடுகள். கடகட, கடகட, கடகட. சந்தெல்லாம் சிவப்பு வழிந்து கரைக்கு இறங்கியது.

"கேப்டன்... ஊரே நடந்து வருது."

"ஊர் எப்படிடா நடக்கும்? சுடு!"

"எதைச் சுடறது? தரையவா?"

கேப்டன் நிமிர்ந்து பார்த்தான். தாடைத் துணி கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் படகில் முதலில் ஏறியவன் அவன்தான்.

உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் ஹசின்தா அலைக்குள் இறங்கி வயிற்றை உலுக்கினாள். முட்டைகள் பொரிந்து தண்ணீரில் கலந்தன. பிறகு தன் ஓட்டை அலையில் தேய்த்துப் பார்த்தாள். சாயம் மட்டும் கரையவே இல்லை.

திரும்பும் வழியில் ஒரு பருந்து இறங்கி, அவளுக்கு அடுத்து வந்தவளைத் தூக்கிப் போனது. ஹசின்தா அண்ணாந்து பார்த்தாள். பிறகு நடந்தாள்.

ஊர் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தது. ஒருவன் பழக்கத்தில் சட்டியை எடுத்தான். எவாரிஸ்தாவின் துடைப்பம் அவன் முதுகில் விழுந்தது. சாமியார் தேவாலயக் கதவைத் தானே திறந்துவிட்டு, அங்கியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் ஒதுங்கி நின்றார்.

சில வாரம் கழித்துக் கரையேறிய குஞ்சுகளும் சிவப்பாகத்தான் வந்தன.

அந்தக் காலையிலிருந்துதான் காட்டு நண்டுக்கு இந்தச் சிவப்பு. அந்தக் காலையிலிருந்துதான் முதல் மழைக்குச் சான் எலியோ வீட்டுக் கதவுகள் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கின்றன. கடற்கரை ஹோட்டல்களுக்குப் போகிற பஸ்கூட அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறது. நீச்சல் உடுப்போடு வந்த பயணி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கடிகாரத்தைக் காட்டினால், டிரைவர் திரும்பாமலே சொல்வார்: "தாய்மார்கள் இறங்கி முடியட்டும், சார்."