தீவு தெரியும் உச்சி

உயரத்தில் ஏறி நின்றால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும் என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இந்த நம்பிக்கையால் விளைந்த முழங்கால் வலிக்கு அளவில்லை. ஆகவே உண்மையைச் சொல்லிவிடுவது கடமையாகிறது. கடற்கரையை விட்டு மலைக்கு நடந்தவன், நடந்த தூரத்துக்கு விலகிப் போகிறான். மலையில் ஏறியவன், ஏறிய உயரத்துக்கும் சேர்த்து விலகிப் போகிறான். எந்தப் பூகோளப் புத்தகமும் இதை மறுக்காது.

குலவீரசிங்கம் பள்ளியில் பூகோளத்தில் நல்ல புள்ளி எடுத்தவர். இருந்தும் ஏறினார்.

சிசிலியின் வடகரையில் சுண்ணாம்புக்கல் மலைகள் கடலோரமாகவே எழுந்து நிற்கின்றன. அவற்றுக்கு அழகான இத்தாலியப் பெயர்கள் உண்டு. கீழே துறைமுகப் பட்டினத்தில் குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரர்கள் அந்தப் பெயர்களைச் சில காலம் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு ஆட்டுக்கொம்பு, தயிர்முட்டி, பெரியவர் என்று தாங்களே வைத்துக்கொண்டார்கள். பெரியவர்தான் எல்லாவற்றிலும் உயரம்.

தயிர்முட்டியின் இடுப்பில், இடையர்கள் விட்டுப்போன கல்வீடு ஒன்றில் பவளக்கா இருந்தார். அவர் ஏன் மலைக்குப் போனார் என்பதற்கு நாலைந்து கதைகள் உலவின. எல்லாவற்றிலும் ஒளி, கனவு, குரல் என்று ஏதாவது வரும். அவரிடமே கேட்டவர்களுக்கு, "கீழை வாடகை கூடிப்போச்சு" என்ற பதில்தான் கிடைத்தது.

ஞாயிறுகளில் சிலர் அவரைத் தேடி ஏறி வருவார்கள். உபதேசம் எதுவும் கிடையாது. அவர் பின்னால் நடக்கவேண்டும், நடக்கும்போது பேசக்கூடாது, உச்சியில் ஒரு கேள்வி கேட்கலாம். பெரும்பாலான கேள்விகள் பாதி வழியிலேயே மூச்சிரைத்துச் செத்துப்போகும். உச்சிவரை உயிரோடு வந்து சேருகிற கேள்வியைத்தான் பவளக்கா காதில் வாங்குவார்.

குலவீரசிங்கம் பவளக்காவைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆனாலும் அக்கா என்றே கூப்பிட்டார். அவர் இவரை அண்ணை என்றார். இந்த உறவுமுறை எந்தச் சாதகத்திலும் நிற்காது. இருவரும் அதைத் திருத்தப் போகவில்லை.

மற்றவர்கள் கர்மவினை பற்றியும் மரணம் பற்றியும் கேட்டார்கள். குலவீரசிங்கம் எப்போதும் ஒன்றையே கேட்டார்.

"தீவு இன்னும் வடிவாத் தெரியிற உச்சி எது அக்கா?"

சிசிலியும் தீவுதான். ஆனால் பெரிய தீவில் வாழ்பவர்கள் தாங்கள் தீவில் வாழ்வதாக நினைப்பதில்லை. அவர் கேட்டது வடக்கே, கடலுக்கு நடுவில் ஒற்றைக் குன்றாகக் கிடக்கும் சின்னத் தீவைப் பற்றி. அங்கே அவருடைய ஒரே மகள் ஆரணி இருந்தாள். பருப்பு பயிரிடும் குடும்பத்தில் பிறந்த சால்வோ என்ற பையனைத் தானாகவே கலியாணம் முடித்துக்கொண்டு போனவள்.

அந்தச் செய்தியை அவள் சொன்ன மத்தியானம் குலவீரசிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றில் கை வைத்தபடியே, "உன்ரை வீட்டுப் படியை என்ரை கால் மிதிக்காது" என்றார். சோற்றில் கை வைத்துச் சொன்னால் சொன்னதுதான். அவர் பிறந்த பக்கத்தில் அதற்கு மேல் ஒரு நீதிமன்றம் இல்லை.

மனைவி தவமணி மாதம் ஒருமுறை கப்பலேறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது ஒரு பை பருப்புக் கொண்டுவருவார். குலவீரசிங்கம் எதுவும் கேட்க மாட்டார். பருப்பைச் சாப்பிடுவார். சத்தியத்தில் பருப்பு சேரவில்லை. பார்ப்பதும் சேரவில்லை. ஆகவே அவர் சந்தையில் ஒரு தூரநோக்கி வாங்கி, பவளக்காவின் பின்னால் ஆட்டுக்கொம்பு ஏறினார். அது போதவில்லை என்று தயிர்முட்டி ஏறினார். அங்கிருந்து தீவின் சரிவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. காலையில் வெயில் பட்டு மின்னியது, மாலையில் மங்கியது. இரண்டு வருடம் அவர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்.

புரட்டாதி மாதத்தில் ஒரு நாள் தவமணி தீவிலிருந்து வந்து, பையை இறக்கி வைக்காமலே இரண்டு செய்திகள் சொன்னார். சால்வோவுக்கு ரொட்டர்டாம் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது, இந்த மாதம் முடிந்ததும் அங்கே போகிறார்கள் என்பது ஒன்று.

"மற்றது, நீங்க ஏறி நிண்டு பார்க்கிறது அவளின்ரை வீடில்லை. ஊர்த் தண்ணித்தாங்கி. வீடு மலைக்கு அங்காலைப் பக்கம்."

"உனக்கு என்னண்டு தெரியும் நான் பார்க்கிறது?"

"ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தவமணி பருப்பைப் போத்தலில் கொட்டப் போனார்.

அடுத்த ஞாயிறு காற்று மாறி அடித்தது. முதல் நாள் மழை பெய்து வானத்தைக் கழுவி வைத்திருந்தது. குலவீரசிங்கம் விடியவே கல்வீட்டுக்கு வந்து, பெரியவருக்குப் போகவேணும் என்று கையால் காட்டினார். பவளக்கா தடியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஒலிவ மரங்கள் முடிந்து சப்பாத்திக்கள்ளி வந்தது. அதுவும் முடிந்து வெறும் வெள்ளைக் கல் வந்தது. குலவீரசிங்கம் இரண்டு இடத்தில் கையூன்றி ஏறினார், ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டார். பவளக்கா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நின்றார்.

உச்சியில் கடல் முழுவதும் திறந்து கிடந்தது. நீலத்தின் கடைசி ஓரத்தில் தீவு இருந்தது, யாரோ விரலால் தொட்டுவிட்டுப் போன மாதிரி.

"கேளுங்கோ அண்ணை."

"தீவுக்கு அங்காலைப் பக்கம் தெரியிற உச்சி எது அக்கா?"

"அங்காலைப் பக்கமோ?"

"ஓம். வீடு அந்தப் பக்கமாம். இவ்வளவு நாளும் நான் பார்த்தது தண்ணித்தாங்கியாம்."

"நல்ல தாங்கியோ?"

"பகிடி விடாதேங்கோ அக்கா. மாசம் முடிய அவை ரொட்டர்டாம் போகினம். பிறகு நான் எந்த மலையிலை ஏறி என்னத்தைப் பார்க்கிறது?"

"அங்கை மலையும் இல்லையாம்."

குலவீரசிங்கம் தூரநோக்கியை எடுக்காமல் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகேலாது அக்கா. சோத்திலை கை வைச்சுச் சொன்னனான்."

"ஆருக்கு?"

"அவளுக்குத்தான்."

"அதுக்கு அவள் என்ன சொன்னவள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. குழம்பு விட்டவள்."

"சாப்பிட்டனீங்களோ?"

"சாப்பிட்டன். கத்தரிக்காய்க் குழம்பு. நல்லா வைச்சிருந்தவள். அதைக்கூட நான் சொல்லேல்லை."

பவளக்கா அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"கையை நீட்டுங்கோ. விரலைப் படுக்கையாப் பிடியுங்கோ. கீழை துறைமுகச் சுவர் தெரியுதோ? அதிலையிருந்து தீவு மட்டும் இடையிலை எத்தினை விரல் கடல் கிடக்கு?"

குலவீரசிங்கம் ஒரு கண்ணை மூடி அளந்தார்.

"நாலு விரல்."

"சரி. நடவுங்கோ."

"அக்கா, நான் கேட்டது இன்னும் உயரமான உச்சி."

"நடக்கேக்கை பேசிறதில்லை."

இறங்கினார்கள். வெள்ளைக் கல் முடிந்து சப்பாத்திக்கள்ளி தொடங்கும் இடத்தில் பவளக்கா நின்று தடியால் கடலைக் காட்டினார். குலவீரசிங்கம் கையை நீட்டினார். இரண்டரை விரல். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பவளக்கா அதற்குள் நடந்துவிட்டார். கல்வீட்டை அடைந்ததும் பயணம் முடிந்தது என்று குலவீரசிங்கம் நினைத்துச் சப்பாத்தைக் கழற்றப் போனார். பவளக்கா வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். எந்த ஞாயிறும் அவர் அதற்குக் கீழே இறங்கி யாரும் பார்த்ததில்லை.

ஒலிவத் தோட்டத்தின் கடைசி வளைவில் குலவீரசிங்கம் யாரும் சொல்லாமலே கையை நீட்டினார். துறைமுகச் சுவருக்கும் தீவுக்கும் நடுவில் ஒரு விரல்தான் இருந்தது. அந்த விரலை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தீவு இப்போது சுவரின் மேல் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. எட்டி எடுத்துவிடலாம்.

அதன் பிறகு அவர் வேகமாக நடந்தார். முதன்முறையாகப் பவளக்காவை முந்திக்கொண்டு நடந்தார்.

பட்டினத்துக்குள் மீன்கடைகளை மூடிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இருவரும் தண்ணீரை மிதித்துக் கடந்து, துறைமுகச் சுவரின் நுனிவரை போனார்கள். குலவீரசிங்கம் கையை நீட்டினார். விரலுக்குக் கீழே அகப்பட எதுவும் இல்லை. கடல் இருந்தது, வானம் இருந்தது, இரண்டும் சந்திக்கும் கோடு இருந்தது. தீவு இல்லை.

அவர் நுனிக்காலில் நின்று பார்த்தார். கப்பல் கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் ஏறிப் பார்த்தார். பூமி உருண்டை என்று அவர் பரீட்சையில் எழுதியிருக்கிறார், படமும் கீறியிருக்கிறார். அந்த உருண்டை தன் பிள்ளையை மறைக்கும் என்று எந்த வாத்தியாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

குற்றியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"அக்கா, இஞ்சையிருந்து தீவே தெரியேல்லை."

"தெரியாது அண்ணை" என்றார் பவளக்கா. "கப்பல் இஞ்சையிருந்துதான் போறது."

மறுநாள் காலை தவமணி மருந்துக் கடைக்குப் போய், கடல் மயக்கத்துக்குக் குளிசை கேட்டார். தவமணிக்குக் கடல் மயக்கம் கிடையாது.