முதல் அடி முதலாளிக்கு

தான் சொன்னால் சுவரும் தலையாட்டும் என்று நினைப்பவர் சங்கரபாண்டியன். பழைய சினிமா கொட்டகையை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டக் கிளம்பியிருந்தார். இடிக்கும் முன் உள்ளே நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதிக்க வந்தவள் அமலோற்பவம். வேலைக்குப் புதுசு.

"எதையும் தட்டாதே, உடைக்காதே. ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, ஒண்ணும் இல்லேன்னு கையெழுத்துப் போடு" என்றார்.

"ஆள் புழங்குற கட்டடத்துக்குத்தான் ஐயா சுத்திப் பார்க்குற சோதனை. இடிக்கப்போற கட்டடத்தை உடைச்சு உள்ளே பார்க்கணும்."

"எனக்கே பாடமா? போடலேன்னா உன் வேலை போயிரும்!"

கடப்பாரையோடு நின்ற ஆட்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் பேனாவைத் திறந்தாள்.

"போட்டுடறேன் ஐயா. நல்ல நேரத்துல முதல் அடி முதலாளி அடிக்கிறதுதானே வழக்கம்? இப்பவே வாங்க. இந்த சீலிங்ல எங்கே வேணும்னாலும் அடிங்க. உங்க பேரப்பிள்ளைங்களையும் கூப்பிடுங்க, பக்கத்துல நிக்கட்டும்."

சங்கரபாண்டியன் பதறிப் பின்வாங்கினார். "ஐயோ, சீலிங்லயா! திரைக்கு மேலே இருக்குற அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா ஆளையே தின்னுரும்!"

"எந்தத் தூசி ஐயா?"

மேஸ்திரி கடப்பாரையைக் கீழே போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

"சரிம்மா... உடைச்சே பாரு" என்று முனகினார் சங்கரபாண்டியன்.

அமலோற்பவம் பேனாவை மூடிவிட்டு முகமூடியை எடுத்தாள்.

"எங்கே உடைக்கணும்னு தேடுற வேலைகூட மிச்சம். நீங்களே காட்டிட்டீங்களே ஐயா!"