மஞ்சள் நூல் வைத்தியர்

ஒரு காட்டில், மலையிலிருந்து ஓடை இறங்கி வரும் இடத்தில், பெரிய அத்தி மரம் ஒன்று நின்றது. அதில் வாலப்பன் என்ற குரங்கு குடியிருந்தது. எதையும் பாதி பார்த்தாலே வாலப்பனுக்குப் போதும். மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருக்கலாம் குழந்தைகளே, பெயரெல்லாம் சொல்ல வேண்டாம்.

மலையடிவாரத்து ஊரிலிருந்து பேச்சி என்பவள் பச்சிலை பறிக்க அந்தக் காட்டுக்கு வருவாள். ஒரு நாள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டே இருந்தது. பேச்சி ஓர் ஆடாதோடைச் செடியின் முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சள் தடவிய நூல் ஒன்றை அதன் தண்டில் கட்டினாள். வாய்க்குள் ஏதோ சொன்னாள். பிறகு கொஞ்சம் இலைகளைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த முறை அவள் வந்தபோது அந்தக் குழந்தை அம்மாவுக்கு முன்னால் ஓடி வந்தது. இருமல் போன இடம் தெரியவில்லை.

உச்சிக் கிளையில் உட்கார்ந்து பார்த்த வாலப்பன் தொடையைத் தட்டிக்கொண்டது.

"அட, விஷயம் இவ்வளவுதானா? செடியில் ஒன்றுமே இல்லை. எல்லாம் அந்த நூலில் இருக்கிறது."

பேச்சி போனதும் வாலப்பன் கீழே இறங்கியது. செடியில் கிடந்த நூலை அவிழ்த்துக்கொண்டு மரமேறியது. அன்றிலிருந்து அது வைத்தியர் ஆகிவிட்டது. படிப்பு முடிந்தது, பட்டமும் கிடைத்தது.

முதலில் வந்தது காட்டுப்பன்றி. வயிறு புடைக்க அத்திப்பழம் தின்றுவிட்டு, படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் முனகிக்கொண்டு வந்தது. வாலப்பன் பக்கத்தில் முளைத்திருந்த ஏதோ ஒரு புல்லில் நூலைக் கட்டியது.

"இதைக் கடித்து விழுங்கு. இன்றைக்கு வேறெதையும் தொடாதே."

ஒரு நாள் பட்டினி கிடந்தால் யாருக்குத்தான் வயிறு இறங்காது? மறுநாள் பன்றிக்குச் சரியாகிவிட்டது. அது காடு முழுக்கப் போய், "வாலப்பண்ணன் கைராசிக்காரர்" என்று சொல்லிவிட்டு வந்தது.

அந்தப் பேச்சு ஒரு தாய்மானின் காதிலும் விழுந்தது. அதன் குட்டி பொட்டுவுக்கு முன்னங்காலில் காயம். முள்வேலியில் கிழித்துக்கொண்டது. ஆறவே இல்லை. ஈ மொய்த்தது. பொட்டு மூன்று காலில் நொண்டிக்கொண்டு தாயின் பின்னால் வந்தது.

ஓடையில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. மான் கூட்டத்தின் தலைவனான மான் சொல்லிவிட்டது: "அடியில் கிடக்கும் கூழாங்கல் வெளியே தெரிந்தால் புறப்பட வேண்டியதுதான். அடுத்த மலைவரை நடக்க வேண்டும். நடக்க முடியாத குட்டிக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்."

பொட்டுவை விட்டுவிட்டு எப்படிப் போவது? தாய்மான் குட்டியைக் கூட்டிக்கொண்டு நேராக அத்தி மரத்தடிக்கு வந்தது.

"அண்ணே, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

"இதென்ன பிரமாதம், தங்கச்சி" என்றது வாலப்பன். நல்ல வெயில். தூரம் போக அதற்குச் சோம்பலாக இருந்தது. மரத்தை ஒட்டியே ஓர் எருக்கஞ்செடி நின்றது. அதில் நூலைக் கட்டியது. "இந்த இலையைக் கிள்ளிக் காயத்தில் தேய்."

தாய்மான் இலையைக் கடித்து இழுத்தது. வெள்ளை வெளேரென்று பால் வடிந்தது. அது காயத்தில் பட்டதும் பொட்டு அலறிக்கொண்டு துள்ளி விழுந்தது.

"அண்ணே, குட்டிக்கு எரிகிறதாமே!"

"எரிகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். நூல் கட்டியிருக்கிறதா இல்லையா? அப்புறம் என்ன சந்தேகம்?"

மறுநாள் கால் வீங்கிவிட்டது. பொட்டு எழுந்திருக்கவே இல்லை. ஓடையில் முதல் கூழாங்கல் வெளியே தெரிந்தது. தாய்மான் குட்டியைப் புதருக்குள் படுக்க வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றது.

அப்போது பேச்சியும் அவள் கணவன் சுடலையும் அந்த வழியாக வந்தார்கள். தாய்மான் அசையாமல் நின்று கவனித்தது.

சுடலைதான் முதலில் எருக்கஞ்செடியைப் பார்த்தான். "ஏ பேச்சி, நீ கட்டின நூல் இங்கே கிடக்கிறது. எருக்கிலையைத்தான் இத்தனை நாள் எங்களுக்குக் காய்ச்சிக் கொடுத்தாயா?"

பேச்சி சிரித்துவிட்டாள். "நான் எருக்குக்குக் கட்டவில்லை. எந்தக் குரங்கு செய்த வேலையோ. நூலைப் பார்த்துச் செடியைத் தேடினால் உங்களைப் போல எருக்கில் போய்த்தான் நிற்க வேண்டும்."

அவள் நேராக ஆடாதோடையிடம் போனாள். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள். மடியிலிருந்து புது நூலை எடுத்துத் தண்டில் கட்டினாள். இந்தத் தடவை அவள் சொன்னது தாய்மானுக்குத் தெளிவாகக் கேட்டது.

"தாயே, கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. வேரைத் தொட மாட்டேன்."

அதற்குள் சுடலை முட்புதரில் காலை விட்டுக்கொண்டான். கணுக்காலில் ரத்தம் வந்தது. "போன தடவையும் இதே புதர்தான்" என்று சொல்லிக்கொண்டே பேச்சி குனிந்தாள். நடைபாதை ஓரத்தில் மூக்குத்தி அளவுக்குப் பூத்துக் கிடக்கும் சின்னப் பூண்டு இருக்கிறதே, எல்லோரும் மிதித்துக்கொண்டு போவார்களே, அந்த வெட்டுக்காயப் பூண்டைப் பறித்தாள். உள்ளங்கையில் வைத்துக் கசக்கிச் சாற்றைக் காயத்தில் பிழிந்தாள்.

"இதற்கு நூல் கட்டவில்லையே?" என்றான் சுடலை.

"ரத்தம் கொட்டும்போது நூலைத் தேடிக்கொண்டிருக்கவா? மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். போதும், நடங்கள்."

அவர்கள் போனதும் தாய்மான் பாதைக்கு வந்தது. தினமும் தன் குளம்பால் மிதித்த பூண்டு அது. குனிந்து, "கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே" என்றது. பிறகு வாய் நிறையப் பறித்தது. முதலில் காயத்திலிருந்த எருக்கம்பாலை ஓடைத் தண்ணீரால் கழுவியது. அப்புறம் பூண்டை மென்று சாற்றைத் தடவியது. பொட்டு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. எரியவில்லை.

காலையும் மாலையும் தாய்மான் அதையே செய்தது. வீக்கம் வடிந்தது. காயம் காய்ந்து ஓடு கட்டியது. ஓடையின் அடி முழுவதும் கூழாங்கல்லாகத் தெரிந்த காலையில் மான் கூட்டம் புறப்பட்டது. பொட்டு நான்கு காலையும் ஊன்றித் தாயின் பக்கத்தில் நடந்தது.

அத்தி மரத்தடியில் வாலப்பன் உட்கார்ந்திருந்தது. ஒடிந்த மூங்கிலைப் பிடித்துத் தாவியதில் அதன் உள்ளங்கை கிழிந்திருந்தது. கையைச் சுற்றி அந்த மஞ்சள் நூலை இறுக்கிக் கட்டியிருந்தது. நூலின் மேல் ஈ உட்கார்ந்திருந்தது.

தாய்மானுக்கு அதைப் பார்க்கக் கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும் அது கூட்டத்தை விட்டு விலகி, பாதையோரத்துப் பூண்டில் ஒரு கொத்தைப் பறித்து வந்து வாலப்பனின் முன்னால் போட்டது.

"நூலை அவிழ்த்துவிட்டு இதைத் தேயுங்கள், அண்ணே."

வாலப்பன் பூண்டைப் பார்த்தது. நூலைப் பார்த்தது. பொட்டுவின் காலையும் பார்த்தது.

"அந்தப் பெண் நூல் கட்டும்போது வாய்க்குள் ஏதோ சொல்வாளே தங்கச்சி, அது என்ன மந்திரம்?"

"'கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே' என்று செடியிடம் கேட்கிறாள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றது தாய்மான். கூட்டம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அது பொட்டுவைக் கூட்டிக்கொண்டு வேகமாக நடந்தது.

வாலப்பன் பல்லால் முடிச்சைக் கடித்து நூலை அவிழ்த்தது.

நீதி: ஒருவர் செய்வதைப் பார்த்தால் மட்டும் போதாது, அதை எதற்காகச் செய்கிறார் என்று கேட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.