ஒரே ஒரு வாய்

முதல் வருடம், பன்னிரண்டு சாடியிலும் சாடிக்கு ஒரு டம்ளர் வீதம் குடித்துவிட்டுப் புளித்துப்போன ஒயினை முதல் தரம் என்றான் அருளாந்து.

இரண்டாம் வருடம், எட்டாவது சாடியிலேயே நாக்கு மரத்துப்போனது. எது பெரிய சாடியோ அதைக் காட்டினான்.

மூன்றாம் வருடம், கடைசிச் சாடியில் சாய்ந்து தூங்கிவிட்டான். பண்ணையாரின் காரியஸ்தரே தீர்ப்பைச் சொல்லிக்கொண்டார்.

மூன்று முறையும் ஜெயித்தது பண்ணையாரின் சாடி.

அந்தத் திராட்சைப் பள்ளத்தாக்கில் அறுப்புக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் ஒரு சாடி ஒயின் கொண்டுவந்து வைக்கலாம். எந்தத் தோட்டம், எந்தப் பழம், யார் பெயர் என்று எழுதிய சீட்டு, அரக்கு வைத்து மூடிச் சாடியின் கழுத்தில் கட்டியிருக்கும். சிறந்த சாடிக்காரருக்கு ஊர்ப் பொதுத்தோட்டம் ஒரு வருடம் சொந்தம். ருசி பார்ப்பவன் அருளாந்து; அவன் சொல்லே முடிவு.

நான்காம் வருடம் காலையில் அருளாந்து மரியபுஷ்பத்தின் வீட்டு வாசலில் நின்றான். ருசி பார்க்கக் கற்றுத்தந்தவள் அவள். அவனைவிட நான்கு வயது இளையவள், ஆனாலும் அம்மா என்றுதான் அழைப்பான். இந்த முறையும் தவறினால் ஊர் தன்னை ஒதுக்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும். கையில் ருசி பார்க்கும் டம்ளர் இருந்தது.

“அம்மா, எத்தனை டம்ளர் வரைக்கும் நிதானம் தவறாது?”

“உங்களுக்கு எத்தனை நாக்கு அண்ணே?”

“ஒண்ணுதான்.”

அவள் அவன் டம்ளரை வாங்கிக் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். பதிலுக்குக் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

“இன்னைக்கு ஒரே ஒரு வாய்தான் விழுங்கணும். மத்ததெல்லாம் துப்பிடுங்க. எதை விழுங்குறீங்களோ அதுதான் தீர்ப்பு.”

ஊர் சிரிக்கும் என்றான். வருடம் முழுக்க இந்த ஒரு நாளுக்குத்தானே காத்திருக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. பாலாடையைப் பார்த்து, பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்த காரியஸ்தர், தன் டம்ளரை நீட்டினார். அருளாந்து வாங்கவில்லை.

முதல் சாடி. துப்பினான்.

மூன்றாவது நன்றாக இருந்தது. தொண்டை தானாகத் திறந்தது. அடுத்தது இதைவிட நல்லதாக இருந்தால்? பதறித் துப்பினான்.

ஐந்தாவதில் கிராம்பும் சர்க்கரையும் கமகமத்தன. அவற்றுக்கு அடியில் ஒன்றுமில்லை.

ஒன்பதாவது சின்னச் சாடி, விளிம்பு உடைந்தது. முதலில் லேசான துவர்ப்பு. துப்பிய பிறகுதான் இனிப்பு வந்தது. வந்தது போகவில்லை. இத்தனை வருடமும் பின்னால் வருவது ஒன்று உண்டென்றே அவனுக்குத் தெரியாது. அடுத்த டம்ளர் அதைக் கழுவிக்கொண்டு போயிருந்தது.

இன்னும் மூன்று பாக்கி. பார்த்தான். துப்பினான்.

திரும்பி ஒன்பதாவது சாடிக்கு நடந்தான்.

“யோசிச்சுக்கோ,” என்றார் காரியஸ்தர் மெதுவாக. “நாளைக்கும் நீ இந்த ஊர்லதான் இருக்கணும்.”

அருளாந்து பாலாடையை நிறைத்தான். வாயில் வைத்திருந்தான். விழுங்கினான்.

சாட்சிக்கு நின்ற ஊர்ப் பெரியவர்கள் இருவர் அரக்கை உடைத்தார்கள். ஒருவர் சீட்டைப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“தோட்டம், இல்லை. பழம், அறுப்பு முடிந்தபின் கொடியடியில் பொறுக்கியது. பெயர், வெள்ளைத்தாய்.”