நாற்பத்தொரு மணி நேரக் காற்று

“முடிக்க முடியலைங்க,” என்றார் அறவாழி.

“எதை?”

“கதையை.”

தஸ்நேவிஸ் சிரிக்கவில்லை. அந்த மணல்மேட்டுக் கொட்டகைக்கு வருகிறவர்கள் மோட்சத்துக்கு வழி கேட்பார்கள். இல்லாவிட்டால் மருமகளைத் திருத்த வழி கேட்பார்கள். கதையை முடிக்க வழி கேட்டு வந்தவர் இவர்தான் முதல்.

ரேடியோ சாமி என்று ஊர் தஸ்நேவிஸுக்குப் பெயர் வைத்திருந்தது. காவியும் கிடையாது, தாடியும் கிடையாது. சரக்குக் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்தவர். அறவாழியைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் அறவாழி அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். வேறு போக்கிடம் இல்லாதவருக்கு வயசெல்லாம் ஒரு கணக்கா?

“எத்தனை வருசமா எழுதுதீய?”

“பத்தொன்பது. வாராவாரம் பத்திரிகையில வருது. பதினோரு பாகம் ஆச்சு. பூமி கெட்டுப்போனப்புறம் ஒரு கப்பல் வேற நட்சத்திரத்துக்குக் கிளம்புது. ஜனங்க அதுலயே பொறந்து அதுலயே சாகறாங்க. பன்னெண்டாம் பாகத்தோட முடிச்சாகணும். மனசு நிறையற மாதிரி முடிவு வேணும்னு மூட்டை மூட்டையா கடிதாசு வருது.”

“முடிச்சிர வேண்டியதுதான?”

“ஒரு பொண்ணு வெளியில இருக்கா.”

“வெளியிலன்னா?”

“வெட்டவெளியில. நாலாம் பாகத்துல கப்பலுக்கு வெளிய ரிப்பேர் பார்க்கப் போனா. கட்டியிருந்த கயிறு அறுந்துடுச்சு. மிதந்துக்கிட்டே இருக்கா. கப்பல் திரும்பித் தேடிக்கிட்டு வருது. ‘ரோகிணி, இரு, வந்துக்கிட்டிருக்கோம்’னு தினமும் செய்தி அனுப்புது. அதுக்குக் கீழே ‘தொடரும்’. இப்படியே எட்டு பாகம் போயிடுச்சு.”

“காப்பாத்திருங்க.”

“எழுதிப் பார்த்தேன். பொய்யா இருந்துச்சு. கிழிச்சுட்டேன்.”

“அப்போ கொன்னுருங்க.”

அறவாழி எழப்போனார்.

“பிள்ளைங்க உண்டா?” என்றார் தஸ்நேவிஸ்.

“ஒரு பொண்ணு இருக்கா.”

“பேரு?”

“ரோகிணி.”

“கூட்டிட்டு வரலியா?”

“மூளைக்காய்ச்சல்ல போயிட்டா. பதினாறு வயசு. பன்னெண்டு வருஷமாச்சு.”

“இருக்கான்னீயளே.”

வாய் தவறி வந்ததல்ல அது. பன்னிரண்டு வருடமாக, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால்கூட, அறவாழி அப்படித்தான் சொல்லிவந்தார். ஒன்பது வயதில் அவள்தான் கேட்டாள், என்னையும் அந்தக் கப்பல்ல ஏத்துப்பா என்று. ஏற்றினார். இறக்கத்தான் தெரியவில்லை.

“தனியாவா வந்தீய?”

“வீட்டுக்காரி கீழ இருக்கா. முழங்கால் வலி, மணல்ல ஏற முடியல. அவ என் கதையெல்லாம் படிக்கறதில்லீங்க. பேச்சும் குறைஞ்சுபோச்சு.”

தஸ்நேவிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சுவரைப் பார்த்தார். விரலை உயர்த்தினார்.

சுவரில் ஒரு பழைய கப்பல் கடிகாரம். அதன் முகத்தில் இரண்டு இடத்தில், மூன்று நிமிட அகலத்துக்கு, சிவப்புச் சாயம் பூசியிருந்தது. பெரிய முள் முதல் சிவப்புக்குள் நுழைந்தது. மணி பத்தேகால்.

கொட்டகையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, முகத்தில் ஒரு களையை வரவழைத்துக்கொண்டார்கள். அறவாழியும் மூடினார். மனம் நிற்கவில்லை. திறந்து பார்த்தார்.

தஸ்நேவிஸ் கண்ணை மூடவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு காதைக் கடல் பக்கம் கொடுத்திருந்தார். கையில் பென்சில்.

முள் சிவப்பைத் தாண்டியதும் நோட்டில் ஒரு வரி எழுதினார். ‘10.18. ஒன்றும் கேட்கவில்லை.’ அதற்கு மேலே பக்கம் முழுக்க அதே வரி.

“தியானம் இல்லையா இது?” என்றார் அறவாழி, மெதுவாக.

“அவியளுக்குத் தியானம். இருந்துட்டுப் போகட்டும், யாருக்கும் சேதமில்ல. எனக்கு டூட்டி.”

“என்ன டூட்டி?”

“மணிக்கு ரெண்டு தடவை, மூணு மூணு நிமிசம், கடல்ல எந்தக் கப்பலும் தந்தி அடிக்கப்படாது. கேக்க மட்டும்தான் செய்யணும். முங்குதவன் கூப்பிட்டா சத்தம் சன்னமாத்தான் வரும். மத்தவன் வாயை மூடினாத்தான் காதுல விழும்.”

“இங்கதான் ரேடியோ இல்லையே.”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

தஸ்நேவிஸ் நோட்டை மூடினார். அந்த முகத்தில் சாமிக்களை எதுவும் மிச்சமில்லை.

“ஒருக்கா, ஒரு சரக்குக் கப்பல் உதவி கேட்டுச்சு. பத்தொம்பது பேரு. நாங்கதான் பக்கத்துல. வாறோம், இருங்கன்னு அடிச்சேன். போய்ச் சேரல. அவிய சத்தம் தேய்ஞ்சு தேய்ஞ்சு நின்னுபோச்சு. கேப்டன் கப்பலைத் திருப்பிட்டாரு.”

“நீங்க?”

“வாறோம், வாறோம்னு அடிச்சுக்கிட்டே இருந்தேன். எதுத்தாப்புல ஆளு இல்லன்னு தெரியும். நிறுத்த மனசு வரல. நிறுத்தினா நானே அவியள முக்கின மாதிரி இருந்துச்சு. கடிகாரத்துல சிவப்பு வந்துச்சு, போச்சு. நான் பாக்கல.”

கடல் காற்று ஓலையைத் தூக்கி அடித்தது.

“அந்த மூணு நிமிசத்துல ஒரு சின்னப் படகு கூப்பிட்டிருக்கு. எட்டு மைல்தான். ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருக்கு. அதுக்கு மேல என் சத்தம் விழுந்துட்டு. வேறொரு கப்பல் ரேடியோக்காரன் நோட்டுல அரைகுறையா இருந்துச்சு. பிறகு விசாரணையில காட்டினாவ.”

“படகுல எத்தனை பேர்?”

“ஆறு. அப்போ உசிரோட இருந்தவிய. யாரும் மிஞ்சல.”

தஸ்நேவிஸ் மற்றவர்களிடம் பேசி முடிக்கும்வரை அறவாழி காத்திருந்தார்.

“கதையை எப்படி முடிக்கறதுன்னு நீங்க இன்னும் சொல்லலையே,” என்றார் பிறகு.

தஸ்நேவிஸ் விரலை உயர்த்தினார். மணி பத்தே முக்கால்.

இந்த முறை அறவாழி கண்ணை மூடவில்லை. ஓலை கீச்சிட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மேட்டுக்குக் கீழே நுங்கு சீவும் அரிவாள் சத்தம். அதற்கும் அடியில் பழகிய ஒரு பெண்குரல், நுங்கு விற்பவளிடம் பேசிக்கொண்டிருந்தது.

“ஒரு பொண்ணு இருந்தா எனக்கு, ஒண்ணே ஒண்ணு. நுங்குன்னா உசிரை விடுவா.”

இருந்தா. ‘இருக்கா’ அல்ல.

அறவாழி எழுந்தார். மூன்று நிமிடம் முடியவில்லை. தஸ்நேவிஸ் தடுக்கவில்லை. பென்சில் முனையை நாக்கில் நனைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

மணலில் கால் புதையப் புதைய இறங்கினார். பனை நிழலில் பங்கஜவல்லி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நுங்கு வாங்கி ஓலையில் வைத்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாக எதிரில்தான் உட்காருவார்.

“முடிஞ்சுதா?” என்றாள்.

“எது?”

“கதை.”

“நீதான் படிக்கறதில்லையே.”

“யார் சொன்னா?”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

“நாலாம் பாகத்துல கயிறு அறுந்தப்போ, அவகிட்ட எவ்வளவு காத்து இருக்குன்னு எழுதினீங்க. ஞாபகம் இருக்கா?”

இல்லை. மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்ட வாசகர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

“நாப்பத்தொரு மணி நேரம்னு எழுதியிருந்தீங்க. ஆஸ்பத்திரியில சேர்த்ததிலேருந்து நம்ம பொண்ணு இருந்ததும் அவ்வளவுதான்.”

அந்த எண் தன் பேனாவுக்கு எங்கிருந்து வந்தது என்று அறவாழி ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தார்.

“பத்திரிகை வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு வந்துச்சு,” என்றாள் பங்கஜவல்லி. குரல் உயரவில்லை. “படிச்சதும் மணியை எண்ண ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு முடிஞ்சுது. கிணத்தடிக்குப் போய்த் தலைமுழுகிட்டு வந்தேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நினைவிருந்தது. தலையில் நீர் சொட்டச் சொட்டக் காபி கொண்டுவந்து வைத்தாள். மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் அடுத்த வாரத்துக்கு ‘ரோகிணி, இரு’ என்று எழுதிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு காகிதத்தில் விழுந்தது. அதை ஒற்றி எடுத்துவிட்டு மேலே எழுதினார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, பங்கஜம்.”

அவள் ஒரு நுங்கை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“நீங்கதான் எழுதிக்கிட்டே இருந்தீங்களே.”