மழை லீவு எடுத்த டீச்சர்

கண்ண மூடு. மூடிட்டியா? ஒத்தக் கண்ணத் தொறந்து பாக்கக் கூடாது. "ம்" மட்டும் சொல்லணும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு கணக்கு டீச்சர். முப்பத்தஞ்சு வருஷம் பாடம் நடத்திட்டு ரிட்டயர் ஆனாங்க. மாலை போட்டாங்க, சால்வை போத்துனாங்க, வீட்டுல கொண்டாந்து விட்டாங்க. இனிமே நிம்மதியா சாஞ்சு உக்காந்திருப்பாங்கன்னு அவங்க வீட்டுக்காரர் நெனச்சாரு. பாவம், வெவரம் தெரியாத மனுசன்.

மறுநாளே டீச்சர் பெரிய சார்ட் பேப்பர் வாங்கியாந்து, ஸ்கேல் வெச்சுக் கோடு இழுத்தாங்க. சர்ர்ர், சர்ர்ர்! டைம்டேபிள்! ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியாச்சு. முதல் நாள் தோட்டம். ரெண்டாம் நாள் லைப்ரரி. மூணாம் நாள் காலையில வீணை கிளாஸ், அப்புறம் சந்தை. நாலாம் நாள் சிநேகிதி வீடு. அஞ்சாம் நாள் இறகுப்பந்து. ஆறாம் நாள் வர்ற பஸ்ல ஏறி, அது எங்க போகுதோ அங்க போயி, டிபன் சாப்பிட்டுட்டுத் திரும்பி வர்றது. ஞாயித்துக்கிழமை லீவு.

"திங்க, செவ்வான்னு போட வேண்டியதுதானே?"ன்னாரு வீட்டுக்காரர்.

"எங்க ஸ்கூல்ல கிழமை கெடையாதுங்க, நாள்தான். மூணாம் நாளு லீவு விட்டுட்டா அன்னிக்கு உள்ள பாடம் போயிடக் கூடாதுல்ல? மறுநாளு வந்து மூணாம் நாளை நடத்துவோம்."

அவருக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிக்கிட்டாரு. முப்பத்தஞ்சு வருஷமா ஆட்டுன தலைதானே.

"ம்."

அந்த டீச்சருக்கு ஒரு சிநேகிதி, சயின்ஸ் டீச்சர். ஒரே ஸ்கூல், ஒரே மேசை, ஒரே டிபன் பாக்ஸ். ரெண்டு பேரும் சேந்தே ரிட்டயர் ஆனாங்க. சயின்ஸ் டீச்சர் தனி ஆளு. "தனியா கெடக்க வேணாம்மா, என்கூட வந்துரு"ன்னு வடக்க இருந்து மகன் டிக்கெட் அனுப்பிட்டாரு. ஒரேயடியா போறாங்க. வாரத்துக்கு ஒரே ஒரு வண்டி, வியாழக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு. ரெண்டு பேரும் விரல் விட்டு எண்ணி, நோட்டுல "நாலாம் நாள்"னு எழுதிக்கிட்டாங்க.

"நான் வராம வண்டி ஏறிடாதடி."

"நீ வராம ஏறவே மாட்டேன்."

அப்புறம் என்னாச்சு, புதன்கிழமை விடியும்போதே மழை. சோன்னு கொட்டுது. டிவியில கலெக்டர் சொல்லிட்டாங்க, இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவு. டீச்சர் கையத் தட்டுனாங்க. "அய்யா, லீவு!"

ரிட்டயர் ஆயி ரெண்டு மாசம் ஆச்சு, இவங்களுக்கு எதுக்கு லீவு? வீட்டுக்காரர் கேட்டாரு. "கலெக்டரே சொல்லியாச்சு"ன்னு போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டாங்க. மத்தியானம் எந்திரிச்சு வெங்காய பஜ்ஜி. சொர்ர்ர்!

வியாழக்கிழமை மழை நின்னுடுச்சு. "உன் சிநேகிதி இன்னிக்குத்தானே போறாங்க?"ன்னாரு இவரு.

"அது நாலாம் நாள். இன்னிக்கு மூணாம் நாள்."

கணக்கு டீச்சர்கிட்ட யாரு கணக்கு பேசுறது? பையத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போனாரு. வீணை வாத்தியார் வீட்டுல போயி, டங் டங்னு கேட்டத் தட்டுனாங்க. "உங்களுக்கு நேத்துல்ல கிளாஸ்?"ன்னு வாத்தியார் முழிச்சாரு. டீச்சர் வெளிய வந்து, "பாவம், அவருக்கு மறதி வந்துடுச்சு"ன்னாங்க.

அப்புறம் சந்தைக்குப் போனாங்க. புதன்கிழமை மட்டும் கூடுற சந்தை, ஈ காக்கா இல்ல. ஒரே ஒரு ஆடு நிக்குது. ம்ம்மே! "மழையில வியாபாரிங்க வரல போல"ன்னாங்க. இவருக்குத் தலை கிறுகிறுன்னு சுத்துது. ஊரு தப்பா, டீச்சர் தப்பா, ஆடு தப்பா?

"ம்..."

தூங்கிடாத, இனிமேதான் விஷயமே. வெள்ளிக்கிழமை டீச்சர் அதிரசம் சுட்டு, சம்படத்துல அடுக்கி, மூணு மணிக்கே ஸ்டேஷனுக்குப் போயாச்சு. பிளாட்பாரத்துல ஆளே இல்ல. டீக்கடைக்காரரக் கேட்டாங்க.

"அந்த வண்டியா? நேத்தே போயிடுச்சேம்மா."

டீச்சர் பெஞ்சுல தொப்புன்னு உக்காந்துட்டாங்க. மூக்கு செவந்துபோச்சு. "நான் வருவேன் வருவேன்னு பாத்துக்கிட்டே போயிருப்பாளேங்க"ன்னு அழுதாங்க. போன் போட்டாங்க. டிரிங், டிரிங். எடுக்கல. ரெண்டாம் தரம், எடுக்கல. மூணாம் தரம் போடுறாங்க, அந்த மணிச் சத்தம் பக்கத்துலயே கேக்குது! திரும்பிப் பாத்தா, டுர்ர்ர்ருன்னு ஒரு ஆட்டோ. மூணு பெட்டியோட சயின்ஸ் டீச்சர் எறங்குறாங்க!

"வண்டி வந்துடுச்சாடி?"

"நீ நேத்து போகலையா?"

"நேத்து மூணாம் நாள்தானே?"

"நீயும் மழை லீவு எடுத்தியா?"

"கலெக்டரே சொல்லியாச்சு, எடுக்காம?"

ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. அப்புறம் சிரிச்சாங்க. அப்புறம் பெஞ்சுல உக்காந்து அதிரசத்தக் காலி பண்ணிட்டாங்க. டிக்கெட் போச்சு. சயின்ஸ் டீச்சர் வீட்டையும் காலி பண்ணியாச்சு. மூணு பெட்டியும் கணக்கு டீச்சர் வீட்டுக்கு வந்துடுச்சு.

"அப்புறம் ஊருக்குப் போனாங்களா?"

அடுத்த வண்டிக்கு ரெண்டு பேரும் புதுசாக் கணக்குப் போட்டாங்க. ஒரு நாள் தள்ளிப் போயிருக்கு, அதனால வர்ற வியாழன் மூணாம் நாள்னு சரியா எழுதுனாங்க. பாத்தா, செவ்வாக்கிழமை மறுபடியும் மழை, மறுபடியும் லீவு, மறுபடியும் பஜ்ஜி! வியாழக்கிழமை வந்தப்ப அவங்களுக்கு ரெண்டாம் நாளு. உக்காந்து லைப்ரரி புஸ்தகத்துக்கு அட்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க.

"அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும்ல? அவரு ஏன் சொல்லல?"

எப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்த மாதிரி சிரிப்பு வீட்டுல கேட்டு எவ்வளவு நாளாச்சு. நான் அன்னிக்குக் காலண்டர்ல தாளே கிழிக்கல.

"தாத்தா! நீங்களா?"

கண்ண மூடு. யாருன்னு யாரு சொன்னா? ஆனா ஒண்ணு, கணக்கு டீச்சர் ரெண்டு தரம் தப்பாக் கணக்குப் போடுவாங்களா? நெசமாவே மறந்தாங்களா, வேணும்னே மறந்தாங்களா? நாலு வருஷமா யோசிக்கிறேன், இன்னும் வெளங்கல.

பக்கத்து ரூம்ல சிரிக்கிறது யாரு, கேக்குதா?

"செங்கமலம் பாட்டி. ஸ்டெல்லா பாட்டி."

ம்.

"ஸ்டெல்லா பாட்டி எப்போ ஊருக்குப் போவாங்க?"

மகன் போன்ல கேக்குறப்பல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க, "வர்ற மூணாம் நாளு கெளம்பிடுறேன்பா"ன்னு.

"அது... எப்போ தாத்தா?"

வெளிய சடசடன்னு சத்தம் கேக்குதா? மழை. இனிமே அது எப்போன்னு யாருக்கும் தெரியாது.

டாண் டாண் டாண் டாண்... கதைக்கு லாங் பெல் அடிச்சாச்சு. பையக் கட்டு, கண்ணச் சாத்து, தூங்கு.